கம்பியில் துண்டு இல்லை

துண்டுக் கம்பி காலி. காலி என்று கத்தியதும் கஸ்பார்தான். மேலே சுக்கான் பிடிக்கிற இடத்திலிருந்து கேப்டன் குரியன் தலையை நீட்டி, "எந்தா கஸ்பாரே, கம்பி எப்படி?" என்று கேட்டார். இவன் திரும்பிப் பார்த்தான், படகின் பின்பக்கம் ஏணிக்கு மேலே அந்த எவர்சில்வர் கம்பி வெயிலில் மொட்டையாக மின்னியது, "காலி!" என்றான், நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். இதில் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்ள வேண்டும்? இந்தப் படகில் ஆள் எண்ணுகிற வழக்கம் கிடையாது. எங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நினைத்தாயா என்று முன்னொரு தடவை யாரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம், அதிலிருந்து துண்டுதான் கணக்கு. காலையில் தீவில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கம்பியில் தொங்கும். ரப்பர் படகில் திரும்பி வந்தாலும் சரி, நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீந்தியே வந்தாலும் சரி, சொட்டச் சொட்ட ஏணி ஏறுகிறவர் முதலில் கை நீட்டுவது துண்டுக்குத்தான். கம்பி மொட்டையானால் எல்லாரும் வந்தாயிற்று. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? கஸ்பார் மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். விரலில் எப்போதோ பட்ட கீறலில் சாறு இறங்கிச் சுரீரென்றது. அந்தச் சுரீரோடு சேர்ந்துதான் அது ஞாபகம் வந்தது. ஒரு துண்டை அவன் காலையிலேயே எடுத்துக் கொடுத்திருந்தான்.

கொடுத்தது மயிலாத்தாள் அம்மாவுக்கு. ஓமன் கடலோரத்தில் யாரும் குடியில்லாத பாலைவனத் தீவுகளையும் ஆமை, ஓங்கல் என்கிற டால்பின், திமிங்கிலம் எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்று வாடகைக்கு ஓடுகிற இந்த வெள்ளைப் படகில், ஏறியிருக்கிறவர்களில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அந்த அம்மா. பொள்ளாச்சிப் பக்கம் காலேஜில் விலங்கியல் நடத்தி ரிட்டையர் ஆனவர், தனியாக வந்திருக்கிறார். முதல் நாள் படகில் ஏறும்போதே, "ஏனுங்க தம்பி, நம்மூருங்களா?" என்று கேட்டுவிட்டார். கஸ்பாருக்குத் தூத்துக்குடி. கொங்குப் பேச்சும் தெற்கத்திப் பேச்சும் கடலும் மலையுமாக இருந்தாலும், அத்தனை இங்கிலீஷுக்கும் ஜெர்மனுக்கும் நடுவே அந்த 'ங்க' காதில் விழுந்தபோது அவனுக்குச் சோறு தின்ற மாதிரி இருந்தது. அதற்காகத்தான் கொடுத்தான். "தலையில போட்டுக்க ஒண்ணு குடுங்க தம்பி, மண்டை காயுது" என்றார், கம்பியிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டான். உருவினால் என்ன, பதிலுக்குப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து அந்த இடத்தில் தொங்கவிட்டானே. விட்டானா? நேற்று விட்டான். நேற்றும் இதே மாதிரி கேட்டார், இதே மாதிரி கொடுத்தான், பெட்டி மூடி படீரென்று விழுந்து விரல் நசுங்கியது, அந்தக் கீறல்தான் இது. அப்படியானால் அது நேற்று. இன்றைக்கு? இன்றைக்குக் கொடுத்ததும் கேப்டன் கூப்பிட்டார், ரப்பர் படகின் எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது, ஓடினான். ஓடுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்தானா? மூடியின் சத்தம் காதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் நேற்றையதா இன்றையதா என்று சத்தத்தின் மேல் எழுதியா ஒட்டியிருக்கிறது! ஒரு தீவைப் போல இன்னொரு தீவு, ஒரு காலையைப் போல இன்னொரு காலை. எல்லாம் வெளுத்த மணலும் வெளுத்த வானமும். இதில் நேற்றை எங்கே பிடிப்பது, இன்றை எங்கே பிடிப்பது. எலே கஸ்பாரு, வேலையைப் பாருல, என்று தன்னையே அதட்டிக்கொண்டு அடுத்த பழத்தை எடுத்தான்.

அந்த அம்மா கேபினில்தான் படுத்திருப்பார். கண்டிப்பாகப் படுத்திருப்பார். காலையில் கஞ்சி குடிக்கும்போதே, "மத்தியானம் எனக்குச் சோறு வேண்டாமுங்க, அலையில தல சுத்துது, வந்ததும் மாத்திரை போட்டுப் படுத்துக்குவேன், எழுப்பாதீங்க" என்று அவனிடமே சொன்னாரே. பிறகென்ன. பின்பக்கக் கண்ணாடி வழியே தீவு தெரிந்தது. சின்னதாகிக்கொண்டிருந்தது. தீவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒரு கருத்த பாறை, அதன் காலடியில் நாக்கு நீட்டினாற்போல் ஒரு மணல்திட்டு. மரம் கிடையாது, சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. பாறை முழுக்க நீர்க்காகங்களின் எச்சம் காய்ந்து, அந்த நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காலையில் கடைசி ஆளை இறக்கிவிட்டுப் படகைத் தள்ளும்போது கஸ்பார் ஒரு தடவை "ஏஏய்" என்று சும்மா குரல் கொடுத்துப் பார்த்தான். பாறை இருக்கிற இடத்தில் குரல் திரும்பி வரவேண்டும் அல்லவா, வரவில்லை. மணல் அப்படியே விழுங்கிக்கொண்டது. குரல் போகிற இடம் ஒன்று அங்கே இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிய தடம் ஒன்று பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனது. அதைப் பார்த்துத்தானே அந்த அம்மா, "ஒரு எட்டு அந்தப் பக்கம் போயி பாத்துட்டு வந்தர்றேனுங்க" என்றார். இல்லை, அதுவும் நேற்றோ? நேற்றைய தீவில் பாறை இருந்ததா? இருந்தது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. ஒன்று மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும், அது இன்றைக்குப் பார்த்தது. மணல்திட்டின் மேல்வரை ஈரக்கோடு இருந்தது. மதியம் கடல் ஏறும்போது அந்தத் திட்டு தண்ணீருக்குள் போய்விடும்.

சரி, ஒரு நடை போய்க் கதவைத் தட்டினால் தீர்ந்தது, இதற்கு இத்தனை குமைச்சல் எதற்கு. கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினான். கேபின்களுக்கு நடுவே போகிற இடுக்கில் வெளிச்சம் கம்மி, கம்பளம் காலடியை வாங்கிக்கொள்ளும், எஞ்சினின் முனகல் மட்டும் சுவரில் இருக்கும். கடைசிக் கதவு. மெதுவாக இரண்டு தட்டு தட்டினான். "அம்மா." ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு தட்டு. "அம்மா, இருக்கியளா? கஸ்பாரு." காதைக் கதவோடு வைத்தான். மரம் குளிர்ந்திருந்தது, ஏசி. உள்ளே ஏதோ அசைந்தது, அல்லது படகு அசைந்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டான், கொஞ்சம் உரக்கவே. அப்போது குரல் வந்தது. "வர்றேனுங்க தம்பி." தெளிவாக, அவருடைய குரலிலேயே. கஸ்பாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாதாவே, மாதாவே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "வேண்டாம்மா, படுத்துக்கிடுங்க, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட மணி கேட்ட பையனைப் போலப் படியேறி ஓடி வந்தான். எலுமிச்சைத் துண்டுகளைத் தட்டில் வட்டமாக அடுக்கினான். வாயில் ஒரு பாட்டுகூட வந்தது. மேல்தளத்தில் எல்லாரும் பீர் டப்பாவும் கையுமாக, கால்மேல் கால் போட்டுத் திமிங்கிலத்துக்குக் காத்திருந்தார்கள். யாரும் யாரையும் தேடவில்லை. பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்.

தட்டை எடுத்துக்கொண்டு நாலு அடி வைத்திருக்க மாட்டான், கால் நின்றுவிட்டது. வர்றேனுங்க என்றார், வரவில்லையே. படுத்துக்கொள்ளுங்கள் என்று இவன்தான் சொன்னான், அதனால் வரவில்லை, சரி. ஆனால் அந்தக் குரலோடு கூட வேறு என்னமோ வந்தது. அவன் அதைக் கேட்டான், கேட்டதைக் கேட்கவில்லை என்று ஒதுக்கிவிட்டுத்தான் மேலே ஓடி வந்தான். பறவை. ஆலாக்கள் கூட்டமாகக் கத்துகிற கிறீச் கிறீச், குரலுக்குப் பின்னால், தூரத்தில். ஏசி போட்டு அடைத்த கேபினுக்குள் ஆலா ஏது? ஜன்னல் திறக்காத ஜன்னல். மாத்திரை போட்டுத் தூங்குகிறவர் குரலில் அத்தனை காற்று ஏது? மூச்சு வாங்குகிறவர் குரல் அது, வெட்டவெளியில் நின்று காற்றுக்கு மேலே கத்துகிறவர் குரல். சேச்சே. என்ன பைத்தியக்காரத்தனம். காதுக்கு வேண்டியதைக் காது தயாரித்துக்கொள்ளும், ஆசைக்கு வேண்டிய குரலை ஆசை கொண்டுவந்து கொடுக்கும், பயத்துக்கு வேண்டிய பறவையைப் பயம் சேர்த்துக்கொள்ளும். இதில் எது பொய்? குரல் பொய் என்றால் அந்த அம்மா தீவில். பறவை பொய் என்றால் அந்த அம்மா கேபினில். இரண்டும் நிஜம் என்றால்? மதிய வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவனுக்குக் குளிர்கிறது. தீவு இப்போது விரல்நகம் அளவுக்கு வந்துவிட்டது. நிழலே இல்லாத நேரம். பட்டப்பகலில் இப்படி ஒரு வெறுமை இருக்கும் என்று யார் சொன்னாலும் அவன் நம்பியிருக்க மாட்டான், பேய்க்கு இருட்டு வேண்டும் என்றுதானே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேப்டனிடம் போய்ச் சொல்லலாம். என்னவென்று? போன பயணத்தில் தண்ணீரில் கருப்பாக ஒரு தலையும் இரண்டு கையும் தெரிந்தது என்று, "ஆளு! ஆளு!" என்று கத்தி எஞ்சினை நிறுத்த வைத்து, மிதவை வளையத்தை வீசி, ஜெர்மன்காரிகள் அழுது, கடைசியில் பார்த்தால் செத்து மல்லாந்த ஆமை. அன்றிலிருந்து இவன் பெயர் ஆமைக் கஸ்பார். குரியன் சிரிக்கவில்லை. "கஸ்பாரே, இனி ஒருக்கா நீ ஆளுன்னு கத்தினா உன்னைக் கரையில இறக்கி விமானம் ஏத்திடுவேன், கேட்டோ" என்றார், அவர் சொன்னால் செய்கிறவர். ஊருக்குப் போய் என்ன சொல்வான்? பெண்டாட்டி ரெஜினா வாயைத் திறக்க மாட்டாள், அந்த மௌனத்தில்தான் இருக்கிறது எல்லாம். அதைவிட மோசம் இன்னொன்று. உள்ளேயிருந்து பதில் சொன்ன ஒரு பொம்பளையின் கதவை, வேலைக்காரன் ஒருத்தன், சாவி வாங்கித் திறந்தான் என்றால்? அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து போர்வையை இழுத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால்? அந்த 'ங்க'வெல்லாம் அதோடு போச்சு. பதில் வந்துவிட்டதே, அதற்குமேல் எந்த முகத்தோடு திறப்பது. பதில் வராமலே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எப்போதோ ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். வந்த அந்தக் குரல்தான் இப்போது கதவை மூடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது அவனுக்குப் பொனிபாஸ் மச்சான் ஞாபகம் வந்தது. வரவேண்டிய நேரத்தில்தான் வந்தது. ரெஜினாவின் அண்ணன். கஸ்பார் சங்கு குளிக்கப் போன காலத்தில் மேலே கயிறு பிடித்தது அந்த மச்சான்தான். அவர்கள் பக்கம் அப்படித்தான், கூடப்பிறந்தவனே ஆனாலும் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்கவேண்டும். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று தெரிந்தவன் கண் அசரமாட்டான் என்று ஒரு கணக்கு. ஒருநாள் கடலடியில், சேறு படிந்த பாறைத்தட்டின் மேல், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் சங்கு கிடக்கிறது. மேலிருந்து காற்று தருகிற கம்ப்ரசர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு அள்ளுகிறான், அள்ளுகிறான், என்றைக்கும் இல்லாத சந்தோஷம், தண்ணீருக்குள் யாரோ தாலாட்டுவது மாதிரி ஒரு சுகம். திடீரென்று இடுப்புக் கயிற்றில் ஒரே வெட்டு, மேலே இழுக்கிறான் மச்சான். இவன் சைகை கொடுக்கவேயில்லை. மேலே வந்ததும் வாய்க்கு வந்தபடி ஏசினான். "எதுக்குவே இழுத்தீரு? கூப்பிட்டனா நானு?" பொனிபாஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "கூப்பிடல மாப்ள. கயிறு ரொம்பச் சும்மா இருந்திச்சு. எனக்குப் புடிக்கல" என்றான். அப்புறந்தான் கஸ்பார் வாந்தி எடுத்தான், கண் இருட்டியது. காற்று திசை மாறி எஞ்சின் புகை முழுக்கக் கம்ப்ரசருக்குள் போய்க்கொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். அடியில் கேட்ட தாலாட்டு அந்தப் புகைதான். மச்சானுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது, புகையை அவன் பார்க்கவில்லை. பிடிக்கவில்லை, இழுத்தான். ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால் ஏச்சுதான் மிச்சம், ஏச்சை வாங்கிக்கொள்ள அவன் தயாராக இருந்தான். கஸ்பார் எலுமிச்சைத் தட்டைப் பார்த்தான். மேல்தளத்தைப் பார்த்தான். கயிறு ரொம்பச் சும்மா இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

ரோவேனா கேபின்களைப் பார்த்துக்கொள்கிற பிலிப்பைன்ஸ் பெண், சாவிக்கொத்து அவள் இடுப்பில். அவளோடு பேசுவது பாதி இங்கிலீஷ் பாதி கை. "கடைசிக் கதவைத் திற" என்றான். தூங்குகிறார், எழுப்பாதே என்று சொல்லியிருக்கிறாரே, பைத்தியமா உனக்கு என்று அவள் கண்ணை உருட்டினாள். "தப்புன்னா எம்மேல போடு. நீ திற. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கேன்." நிஜமாகவே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அடிவாங்கப் போகிறவனைப் போல. சாவி திரும்பியது. எதுவும் நடக்காத ஒரு நேரம் போனது. அந்த நேரத்துக்குள் அவன் ஊருக்குத் திரும்பிப் போய், ரெஜினாவின் மௌனத்தைச் சாப்பிட்டு, வலைக்கூடத்தில் உட்கார்ந்து வேறு வேலை தேடியும் முடித்துவிட்டான். "கஸ்பார்" என்றாள் ரோவேனா, சத்தமே இல்லாமல். திரும்பினான். இழுத்து விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. காலையில் அவள் மடித்து வைத்த போர்வை மடித்தபடி. மேஜைமேல் உடைக்காத மாத்திரை, பக்கத்தில் தண்ணீர் ததும்புகிற தம்ளர், மூக்குக் கண்ணாடிக் கூடு. உள்ளே யாரும் பேசியிருக்க முடியாது. யாருமே இல்லை.

அப்புறம் அவன் கத்தியது படகு முழுக்கக் கேட்டது. "ஆளு! தீவுல ஆளு!" ஆமைக் கஸ்பார் என்று யாரோ சிரிக்கத் தொடங்கி ரோவேனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். குரியன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சுக்கானை ஒடித்துத் திருப்பினார், மேஜையிலிருந்த தட்டுகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் உடைந்தன. திரும்பிப் போகிற கடல் வந்த கடல் இல்லை, இரண்டு மடங்கு நீளம். தீவு வளரவே மாட்டேன் என்றது. கஸ்பார் முன்நுனியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டை நான்தான் கொடுத்தேன், நான்தான் காலி என்றேன், நான்தான் படுத்துக்கொள்ளுங்கள் என்று கதவிடம் சொன்னேன். அழுகை வந்தது, அழுதான், யார் பார்த்தால் என்ன. மணல்திட்டு இருந்த இடத்தில் வெறும் பச்சைத் தண்ணீர் பளபளத்தது. பெரிய படகு அதற்குமேல் போக முடியாமல் நின்றது. நிற்பதற்கு முன்பே ரப்பர் படகை இறக்கி எஞ்சினை இழுத்துவிட்டான். பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனபோது ஆலாக்கள் கிறீச் கிறீச்சென்று கூட்டமாகக் கிளம்பின. அதே சத்தம். கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம்.

பாறையின் அடியில், ஒரு ஆள் நிற்க மட்டும் இடமுள்ள விளிம்பில், இடுப்பளவு தண்ணீரில் அந்த அம்மா பாறையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலையில் துண்டு. வெயிலில் உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு அலைக்கும் எம்பி எம்பி நின்று காலெல்லாம் கிளிஞ்சல் கிழித்திருந்தது. கஸ்பார் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டான். வாயில் தண்ணீரை ஊற்றினான். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு, மூச்சு வாங்கி, கோபமும் இல்லாமல் ஆச்சரியமும் இல்லாமல், கடையில் மீதிச் சில்லறை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். "ஏனுங்க தம்பி, அம்மா அம்மான்னு அத்தன தடவ கூப்பிட்டீங்க. வர்றேனுங்கன்னு நானும் கத்துனேன். பாறையச் சுத்தி வந்து பாத்தா ஆளையும் காணோம், கப்பலையும் காணோம். எதுக்குங்க அப்புறம் படுத்துக்கச் சொன்னீங்க? படுத்திருந்தா தண்ணி கொண்டுட்டுப் போயிருக்குமே." அவர் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகப் பாறையைத் திரும்பிப் பார்த்தார். "கதவு தட்டற சத்தம் வேற கேட்டுதுங்க. இங்க ஏதுங்க தம்பி கதவு?" ஆலாக்கள் பழையபடி பாறையில் இறங்கிக்கொண்டிருந்தன. கஸ்பார் பிடித்த மணிக்கட்டை விடாமல், இன்னொரு கையால் எஞ்சினைத் திருப்பினான்.